ஒரு மணிக்குச் சாப்பிட வருகிறவர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊருக்கு நான் வந்தது, கோட்டையில் கிடக்கும் பழைய பீரங்கியைப் பற்றிக் கதை எழுத. கிடைத்ததென்னவோ கால்சட்டைக் கதை.

ஊர் சுற்றிக் காட்டும் வழிகாட்டியின் பின்னால் இருபது பேர் நடந்தோம். கோட்டை, கலங்கரை விளக்கம் எல்லாம் முடிந்து, மருந்துக்கடை முனை தாண்டி ஒரு சந்தில் நிறுத்தினார். மாடி ஜன்னலில் ஒரு பெண் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.

வழிகாட்டி குரலைத் தாழ்த்தினார். “முந்நூறு வருஷம் முன்னாடி இந்த வீட்டுக்காரன் கப்பல்ல போனான். திரும்பவேயில்ல. அன்னைக்கிலேருந்து இந்த வீட்டுப் பொண்ணுங்க தலைமுறை தலைமுறையா அந்த ஜன்னல்ல காத்திருக்காங்க. அதோ பாருங்க, இன்னைக்கும்!”

(புருஷன் திரும்பாத வீட்டில் தலைமுறை எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள். அழுதுகொண்டிருக்கும்போது யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.)

கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்ததில், கல் பாவிய தெருவில் செருப்பு மாட்டிக் கால்சட்டையின் அடிமடிப்பு பிரிந்துவிட்டது. பக்கத்தில் தையற்கடை உண்டா என்று வழிகாட்டியிடமே கேட்டேன். அவர் கூச்சமே இல்லாமல் அதே ஜன்னலைக் காட்டினார். “மேல போங்க சார். அக்கா அஞ்சு நிமிஷத்துல தச்சுக் குடுத்துடுவாங்க.”

2

கதைக்கு நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

“ஓயாத அலையோசை அவள் காதுகளில்—”

கோடு போட்டு அடித்தாகிவிட்டது. தையலக்காவிடம் படித்துக் காட்டினேன். “அலையா? இந்த மிஷின் போடுற சத்தத்துல கீழ இடி விழுந்தாலும் கேக்காது” என்றார்.

“தொடுவானத்தையே பார்த்தபடி, அவள் யாருக்காகவோ—”

இதுவும் போயிற்று. அந்த ஜன்னலிலிருந்து தொடுவானம் தெரியாது. எதிர்வீட்டுக் குளியலறைக் குழாய்தான் தெரியும்.

சரி, உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். கறுப்புத் துணிக்குக் கறுப்பு நூல் போட விளக்கு வெளிச்சம் போதாது. அதனால் அக்கா ஜன்னலோரம் மிஷினைப் போட்டுக்கொண்டார். பதினான்கு வருஷம் ஆகிறது.

(இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பத்து நாளாகச் சட்டைப் பொத்தானை நானே பிய்த்துக்கொண்டு போனேன். “எலி கடிச்ச மாதிரி இருக்கே” என்று அக்கா சொன்னாலும் தைத்துக் கொடுத்தார்.)

3

அக்காவுக்குப் புருஷன் இருக்கிறார். கப்பலில் போகவில்லை. படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிறார். கூப்பிடு தூரம். தினமும் ஒரு மணிக்குச் சாப்பிட வந்துவிடுவார்.

அதில்தான் வந்தது வினை. வழிகாட்டியின் கடைசிக் கூட்டம் ஜன்னலுக்குக் கீழே நின்று கண்கலங்கும் நேரமும் அதுவே. அதனால் ஓர் ஏற்பாடு: கூட்டம் கலையும்வரை டிக்கெட்காரர் மருந்துக்கடை முனையில் நிற்க வேண்டும். சொந்த வீட்டுக்குள் போக, முந்நூறு வருஷத்துக்கு முன்னால் காணாமற்போன ஒருவனின் அனுமதிக்காக அவரும் பசியோடு நிற்பார்.

[இந்த ஆளை என்னால் நம்ப முடியவில்லை. இவ்வளவு பொறுமையா? கதையில் கொஞ்சம் கோபம் சேர்க்கலாமா என்று அக்காவைக் கேட்டேன். “கோபம் வந்தாலாவது மூஞ்சியப் பாத்து நாலு வார்த்தை பேசுவாரே சார்!”]

அவர் வீட்டுக்குள் வரும் விதத்தையும் சொல்ல வேண்டும். கீழ்க்கதவு தானாகப் பூட்டிக்கொள்வது; அவருக்கோ சாவியை எடுத்துப் போகும் பழக்கம் கிடையாது. ஜன்னலுக்குக் கீழே வந்து “சாவி” என்பார். வெயிலுக்குப் பிடித்த குடையைத் தலைகீழாக நீட்டுவார். இடி கேட்காத காதுக்கு அது மட்டும் கேட்டுவிடும்; அக்கா மேலிருந்து போடுவார். குறி தப்பாது. பதினான்கு வருஷத்தில் ஒருநாள்கூட அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை. பார்க்க அவசியமில்லையே, சாவிதான் சரியாக விழுந்துவிடுகிறதே!

4

போன செவ்வாய்க்கிழமை பசி பொறுக்காமல் டிக்கெட்காரர் கூட்டத்துக்கு நடுவே புகுந்துவிட்டார். “சாவி” என்றார். சாவி விழுந்தது.

இருபது தலைகளும் அவர் பக்கம் திரும்பின. பிறகு ஓர் அம்மாள், “ஐயோ, வந்துட்டாரு!” என்று கத்தினார். இருபது பேரும் கை தட்டினார்கள். அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டார். டிக்கெட்காரர் காதுவரை சிவந்து படியேறி ஓடினார்.

மேலே கதவருகில் அக்கா வந்து நின்றிருந்தார். இதுவரை மிஷினை விட்டு எழுந்து வந்ததில்லை.

“என்னங்க, எல்லாரும் கை தட்டினப்போ நானும் ஒரு நிமிஷம் நம்பிட்டேன்.”

“எத?”

“நீங்க வந்துட்டீங்கன்னு.”

டிக்கெட்காரர் நன்றாக யோசித்தார். “சாப்பாடு ஆறிடுச்சா?” என்றார்.

அன்று அக்கா தைத்த ஒரு சட்டைக்கு இரண்டு கையும் ஒரே பக்கம் அமைந்துவிட்டது. “இல்லாத ஒருத்திக்காக ஊரே உருகுது சார்” என்றார் என்னிடம். “எனக்கு யாரும் உருக வேணாம். அவர் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பாத்தா போதும்.”

சிரிக்க வாய் திறந்தவன் மூடிக்கொண்டேன்.

5

வழிகாட்டிக்குக் கசக்குமா? மறுநாளே வந்துவிட்டார். “அக்கா, தினமும் மாமா இப்படியே வரட்டும்! ‘சாவி’ வேணாம். ஜன்னலுக்குக் கீழ நின்னு ஒரு தடவை உங்கள நிமிர்ந்து பாக்கச் சொல்லுங்க. அது போதும்.”

கேட்டதையே கொண்டுவந்து நீட்டுகிறார். அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “சொல்லிக்குடுத்துப் பாக்குற பார்வை எனக்கு வேணாம் தம்பி. நாளையிலேருந்து உன் கூட்டத்தப் பன்னெண்டரைக்கே கூட்டிட்டுப் போயிடு.”

6

ஆக, இன்று சந்தில் யாருமில்லை. ஒரு மணிக்கு அவர் வருவார். முடிவுக்கு வந்துவிட்டோம்.

முதல் முடிவு: “அவர் நின்றார். மெல்லத் தலையை உயர்த்தி—”

காலையில் இதை அக்காவிடம் காட்டினேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னார்: “இது நீங்க பாக்க வச்சதுனால பாத்தாரு. அப்புறம் அந்தத் தம்பிக்கும் உங்களுக்கும் என்ன சார் வித்தியாசம்?”

“அப்ப, பாக்கலன்னு முடிச்சிடவா?”

அக்கா துணியை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். “அதையும் எழுதாதீங்க” என்றார், கொஞ்சம் மெதுவாக.

மூன்றாவது முடிவு என்னிடம் இல்லை. மணி ஒன்றாகிவிட்டது. மிஷின் சத்தம் நின்றுவிட்டது. டிக்கெட்காரர் மருந்துக்கடை முனையைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறார். நான் எழுதுவதை நிறுத்துகிறேன். நீங்களும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். யாரோ எதிர்பார்க்கிறார்கள் என்று தெரிந்தால், மனிதர் கூச்சப்பட்டே குனிந்துவிடுவார்.