அப்பாவின் அபராதம்

தையல்காரி மெஷினை அப்பாவின் அறை வாசலுக்கு இழுத்துப் போட்டு மிதிக்கத் தொடங்கினாள். கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள்தான் இருந்தது. உள்ளே சாமியார் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு அப்பா அவரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறார்.

பாய்லர் ஆலையில் முப்பது வருடம் இரும்பைத் தட்டியதில் அப்பாவுக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. அவர் ரகசியம் பேசினால் தெருவுக்கே கேட்கும். கோவிலில் ஒரு தடவை, மேஸ்திரியை மனதுக்குள் திருட்டுப்பயல் என்று திட்டிய பாவத்தை அவர் சாமியாரிடம் கிசுகிசுத்தபோது, மேஸ்திரி அதே வரிசையில் நாலாவது ஆளாக நின்றிருந்தார். அதற்கப்புறம் அப்பா அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. இப்போது டாக்டர் கையை விரித்த பிறகு, "சாமியாரைக் கூப்பிடு. இந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் சுத்தமாகணும்" என்று அவரே ஒற்றைக் காலில் நின்றார்.

தம்பி மெஷின் மேல் கையை வைத்தான்.

"நிறுத்துக்கா. அவர் வாயாலயே வரட்டும். உனக்குத் தெரிய வேணாமா?"

எது என்று அவன் சொல்லத் தேவையில்லை. ஏழு வருடத்துக்கு முன் அவளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை வீட்டில், பெண்ணுக்கு வலிப்பு உண்டு என்று யாரோ போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். பச்சைப் பொய். கல்யாணம் நின்றது. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த நேரம் அது. மகள் போய்விட்டால் பார்க்க ஆளில்லை. சொன்னது அப்பாதான் என்று ஊரே பேசியது. அவர் வாயைத் திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. அம்மா போன பிறகு அவரையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். ஆனால் ஒரே ஒரு தடவை அவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் அவளை விடவேயில்லை.

"சொல்றதா இருந்தா என்கிட்ட சொல்லட்டும். சாமிகிட்ட சொல்றத நான் ஒட்டுக் கேக்க மாட்டேன். கைய எடுடா."

மிதித்தாள். பாதியில் நூல் தீர்ந்தது. மாற்றுவதற்கு நிறுத்தினால் உள்ளே பேசுவது கேட்டுவிடும். வெறும் ஊசியையே ஓட்டினாள்.

"நூலே இல்லக்கா."

"தெரியும். போய் வேலையப் பாரு."

ஒரு தடவை மட்டும் கால் நின்றுவிட்டது. "என் பொண்ணுக்கு..." என்று அப்பாவின் குரல் வந்தது. மறுபடியும் மிதித்தாள்.

சாமியார் வெளியே வந்தார். அப்பாவுக்குக் கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டிய தாள்களைச் சுக்குநூறாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். பாவத்துக்கு ஈடாகச் செய்யச் சொல்லும் அபராதத்தையும் அந்தத் தாளில்தான் எழுதியிருப்பார். அவர் தெரு திரும்புவதற்குள் அப்பா சத்தமாகக் கூப்பிட்டார்.

"இப்ப மூச்சு வாங்குது. கொஞ்சம் தூங்கிக்கறேன். சாயந்திரம் கையில வேலை வச்சுக்காத. நீ இங்க வந்து உக்காரணும். சாமி அபராதம் குடுத்திருக்காரு."

அவள் தலையாட்டினாள். துணி கேட்டு வந்த இரண்டு பேரை மறுநாள் வரச் சொன்னாள். முகம் கழுவித் தலை வாரிக்கொண்டாள். மூன்று மணிக்குக் காபி கொண்டுபோனபோது அப்பா தூக்கத்திலேயே போயிருந்தார். அழுகைக்கு முன்னால் அவளுக்குக் கோபம்தான் வந்தது. இன்னும் இரண்டு மணி நேரம் இருந்திருக்கக் கூடாதா இந்த மனிதர்?

மறுநாள் அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். "பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டுப் போயிருக்காரு. குடுத்து வச்ச மனுஷன்." அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் கோவிலில் நீண்ட வரிசை. துக்கக்காரி என்று முன்னால் போகச் சொன்னார்கள். "பரவால்ல, என் முறைக்கே போறேன்" என்றாள். முறை வந்ததும் முழங்காலிட்டாள்.

"நான் பாவசங்கீர்த்தனம் பண்ணி ஏழு வருஷமாச்சு, சாமி. எங்கப்பாவ என்னால மன்னிக்க முடியல. அவர் உங்ககிட்ட பேசறப்போ ஒரு நிமிஷம் காதக் குடுத்தேன். அதுவும் பாவந்தான்."

அவள் திரைப் பக்கம் இன்னும் குனிந்தாள்.

"அவரோட அபராதம் பாக்கி நிக்குது. என்னன்னு சொல்லுங்க. நான் பண்ணிடறேன்."

"அத நான் சொல்லக் கூடாதும்மா."

"சொல்ல வேணாம் சாமி. எனக்கு என்ன அபராதமோ அதக் குடுங்க. அவருக்கும் சேத்து நான் பண்றேன்."

பின்னால் யாரோ இருமினார்கள். அவள் எழுந்திருப்பதாக இல்லை.

"வீட்டுக்குப் போய் அவர் கட்டில் பக்கத்துல உக்காருங்க," என்றார் சாமியார் கடைசியில்.

"எவ்வளவு நேரம்?"

"எழுந்துக்கலாம்னு உங்களுக்கே தோணற வரைக்கும்."

மெத்தையை வெயிலில் போட்டிருந்ததால் கட்டிலில் வெறும் பலகைதான் இருந்தது. அப்பா வந்து உட்காரச் சொன்ன இடத்திலேயே அவள் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"பாவாடை வாங்க ஆள் வந்திருக்குக்கா," என்று தம்பி எட்டிப் பார்த்தான்.

"காலையில பூசைக்கு முன்னாடி குடுத்துடறேன்னு சொல்லு."

இருட்டியதும் விளக்கைப் போட வந்தான். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, அவள் நாற்காலியைக் கட்டிலோடு இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டுக்கொண்டாள்.