மடங்காத முழங்கால்

மருத்துவமனையில் ஹிசானோவிடம் ஒரு தாளைக் கொடுத்தார்கள். மேலே 'உங்கள் இலக்கு' என்று அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே பிசியோதெரபிஸ்ட் சுனாகா தன் குண்டு எழுத்தில் 'மண்டியிட்டு உட்கார வேண்டும்' என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள். ஹிசானோ பனிமலைக் கிராமத்தில் விடுதி நடத்துகிற பெண்மணி. விருந்தாளியை வாசலில் மண்டியிட்டு, மடித்த கால்மேல் உட்கார்ந்து வரவேற்க வேண்டும், அறைக் கதவை மண்டியிட்டுத் திறக்க வேண்டும், சாப்பாட்டை மண்டியிட்டுப் பரிமாற வேண்டும். இவளுக்கு வேறென்ன இலக்கு இருந்துவிடப் போகிறது என்று சுனாகா நினைத்ததில் தப்பில்லை.

ஹிசானோ பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தாள். 'தீப்பந்தம் பிடித்துப் பனியில் முன்னால் சறுக்க வேண்டும்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாள்.

"என்னக்கா இது! கட்டில்லேர்ந்து இறங்கவே உங்களுக்கு ரெண்டு பேர் வேணும்."

"அது இன்னிக்கு. நான் எழுதினது டிசம்பர் முப்பத்தொண்ணுக்கு."

சுனாகா தெற்குச் சீமைக்காரி. பனியை வேலைக்கு வந்த பிறகுதான் தொட்டுப் பார்த்தவள். சறுக்குவதற்கு முழங்கால் எவ்வளவு மடங்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஹிசானோ நல்ல காலை மடக்கிக் காட்ட, அவள் கோணமானியை வைத்துப் பார்த்தாள்.

"நூறு டிகிரி இருந்தாலே தாராளம் போலிருக்கே. மண்டி போடத்தான் நூத்தம்பது வேணும். அப்போ உக்கார்றதைவிட சறுக்கறது சுலபமாக்கா?"

"எங்க ஊர்ல வந்து இதைச் சொல்லு பாப்போம். உன்னை அடிச்சே துரத்துவாங்க."

விழுந்தது பிப்ரவரியில். அதுவும் எங்கே? குழந்தைகள் பழகுகிற சரிவில். விருந்தாளி ஒருத்தர் மறந்துவிட்ட பையை எடுக்கப் போய், யாருக்கோ கையசைத்துக்கொண்டே வந்து, இறுகிக் கிடந்த பனித் தடத்தில் இடது சறுக்குப் பலகை மாட்டிக்கொண்டது. பலகை கழலவில்லை, கால்தான் திருகியது. காலெலும்பின் மேல்முனை, முழங்கால் வந்து உட்காரும் இடம், அரிசி அப்பளத்தை மிதித்த மாதிரி ஆகிவிட்டது என்று டாக்டர் படத்தைக் காட்டினார். ஒரு பிளேட், எட்டு ஸ்க்ரூ. ஏழு வாரம் பாதம் தரையில் படக் கூடாது.

வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆண்டின் கடைசி இரவில் நாற்பது பேர் கையில் பந்தத்தோடு ஒரே வரிசையாய் மலையிலிருந்து சறுக்கி வருவார்கள். எங்கே திரும்புவது, எவ்வளவு வேகம் என்பதெல்லாம் முதல் ஆள் கையில்தான். மற்றவர்கள் அந்தத் தடத்திலேயே வர வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அந்த முதல் ஆள் ஹிசானோ. கட்டிலில் கிடந்த நாள் முழுக்க அவள் மனத்துக்குள் அந்தச் சரிவில்தான் இறங்கிக்கொண்டிருந்தாள்.

மே மாதம் வீட்டுக்கு வந்தபோது முழங்கால் நூற்றுப் பதினைந்து டிகிரி மடங்கியது. அதோடு நின்றுவிட்டது. இனிமேல் மண்டியிட முடியாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அன்றைக்கு ஒருநாள் மட்டும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மறுநாள் தச்சரைக் கூப்பிட்டு ஒரு சாண் உயரத்தில் முக்காலி செய்யச் சொன்னாள். அதில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, விருந்தாளிகளுக்குச் சோறு பரிமாறினாள். சாப்பிட்டவர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கிராமம்தான் சொன்னது. மண்டியிட முடியாதவளுக்குக் கால் போய்விட்டது என்பது அந்த ஊர்க் கணக்கு. கோடை முழுக்க இரண்டு கோலை ஊன்றிக்கொண்டு அதே மலையில் அவள் ஏறி இறங்கியதைப் பார்த்தவர்களும் "பாவம், மனசு கேக்கலை" என்றார்கள்.

டிசம்பர் இரண்டாம் வாரம், சறுக்குகிறவர்களைச் சரிவின் உச்சிக்கு ஏற்றிவிடும் லிஃப்ட் ஓட ஆரம்பித்தது. மெதுவாகப் போகலாம் என்று டாக்டர் அனுமதித்திருந்தார். முதல் நாள் காலை எட்டு மணிக்குச் சரிவின் தலையில் நின்ற ஹிசானோ உடனே கிளம்பாமல் கோலை இரண்டு முறை பனியில் குத்திப் பார்த்தாள். பயம்தான், சந்தேகமே இல்லை. முதல் திருப்பத்தில் இடது காலை நம்பாமல் வலது காலிலேயே தொங்கினாள். இரண்டாவதில் பாதி நம்பினாள். மூன்றாவதில் இடது கால் சொன்னபடி கேட்டது. நான்காவதில் வாய்விட்டுச் சிரித்தாள். கீழே நின்ற அவள் கணவர் ரியோஜி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார், குளிராம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடுதிக்காரர் சங்கக் கூட்டம். கோரைப் பாய் விரித்த கூடத்தில் முப்பது பேர். தலைவர் ஒகிட்சு எண்பது கிலோ ஆள், ஊரிலேயே பெரிய விடுதிக்குச் சொந்தக்காரர். மண்டியிட்டுச் சொல்லும் தொடக்க வணக்கம் முடிந்ததும் எல்லோரும் காலைத் தளர்த்திச் சம்மணம் போட்டுக்கொள்வதுதான் வழக்கம். அன்றைக்கு எல்லோரும் தளர்த்தினார்கள், ஒகிட்சு தளர்த்தவில்லை. மடித்த கால்மேல் முதுகை விறைத்துக்கொண்டு, எதிரே முக்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஹிசானோவைப் பார்த்தபடியே ஒன்றரை மணி நேரம் கூட்டத்தை நடத்தினார்.

கடைசியில் பந்தப் பேச்சை ஒகிட்சு எடுத்தார்.

"இந்த வருஷம் என் மாப்பிள்ளை முன்னால போகட்டும். ஹிசானோ ஓய்வெடுக்கட்டும்."

"ஓய்வெல்லாம் பிப்ரவரியிலேர்ந்து எடுத்தாச்சு அண்ணே. இந்த வாரம் மட்டும் பதினெட்டு தடவை சறுக்கியிருக்கேன்."

"யார் பாத்தா?"

"நான் பாத்தேன்" என்றார் ரியோஜி.

"புருஷன் சாட்சி செல்லாதுப்பா. நீ அவளுக்குப் பயந்த ஆளு." கூடம் சிரித்தது. ரியோஜியும் சிரித்துவிட்டார், வேறு என்ன செய்வார்.

ஹிசானோவுக்குக் காது சூடானது. "அண்ணே, மண்டி போட்டுக்கிட்டா மலையிலேர்ந்து இறங்கறோம்? நின்னுக்கிட்டுதானே இறங்கறோம்?"

"கால்னா கால்தான். நாற்பது பேர் உயிர் உன் பின்னால வருது. பத்து எண்ணற வரைக்கும் என் எதிர்ல மண்டி போட்டு உக்காரு. பந்தம் உனக்கு."

இந்த ஊரில் இதற்கு மறுபேச்சு கிடையாது என்று எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது. ஹிசானோ ஒருவரையும் தவறவிடாமல் பார்த்தாள்.

"முடியாது. இன்னிக்கும் முடியாது, இன்னும் பத்து வருஷம் கழிச்சும் முடியாது. டாக்டரே சொல்லிட்டார். ஆனா இந்தக் கால் தாங்கும். தாங்காதுன்னா நானே சொல்லியிருப்பேன். என் பின்னால வர்றவங்களை நான் உங்களைவிட நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கேன்."

"பேச்சு வேற, கால் வேற. அவ்வளவுதான், கூட்டம் முடிஞ்சுது" என்று ஒகிட்சு எழுந்தார்.

எழுந்தார் என்பது அவர் நினைப்பு. இடுப்புக்கு மேலே மட்டும்தான் எழுந்தது. கீழே கால் இரண்டும் மரத்துப்போய்க் கட்டையாகக் கிடந்தன. ஓர் அடி வைத்தார், பாதம் புரண்டது. பெரிய உடம்பு அப்படியே முன்னால் சாய்ந்தது. ஆண்கள் எல்லோரும் "அடடா" என்றார்களே தவிர ஒருவரும் அசையவில்லை. எதிரே இருந்தது ஹிசானோ மட்டும்தான். முக்காலியிலிருந்து விருட்டென்று எழுந்து, இடது காலை முன்னால் ஊன்றி, அவருடைய இரண்டு அக்குளிலும் கைகொடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். எண்பது கிலோவும் அந்தக் காலில் இறங்கியது. முழங்கால் லேசாக மடங்கி நின்றது, சறுக்கும்போது நிற்கிற அதே அளவு. ஆடவில்லை.

ஒகிட்சுவின் காலில் ஆயிரம் ஊசி ஏறத் தொடங்கியிருக்க வேண்டும். முகம் கோணியது.

"ஐயோ, விட்டுடாதேம்மா, விட்டுடாதே" என்று அவள் காதில் கெஞ்சினார்.

"விடமாட்டேன் அண்ணே. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். பந்தம் யாருக்கு?"

"உனக்குத்தான், உனக்குத்தான்."

ஹிசானோ பிடியைத் தளர்த்தாமல் கூடத்தின் கடைசி வரிசை வரை பார்த்தாள்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க அண்ணே. பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கலையாம்."