கீழ்வரிசை

தெருமுக்கில் மூக்காண்டியின் லோடு ஆட்டோவுக்காகப் பேச்சித்தாய் நின்றுகொண்டிருந்தாள். மேலநீலிதநல்லூர்ப் பக்கம் அவன் தோட்டத்தில் பிச்சிப்பூ பறிக்கப் போக வேண்டும். பறித்த பூவைப் போட இடுப்பில் மடித்துணி கட்டியாகிவிட்டது. கண் மட்டும் எதிர்வீட்டை விட்டு நகரவில்லை.

எதிர்வீடு இசக்கியம்மாளுடையது. ஒரு மாட்டுவண்டி போகிற அகலம்தான் தெரு. ஆனால் பேச்சித்தாய் இருக்கும் மேல்வரிசை சங்கரன்கோவில் நகராட்சி, இசக்கியின் கீழ்வரிசை பஞ்சாயத்து. நூறு நாள் வேலை பஞ்சாயத்துக்காரர்களுக்கு மட்டும். இசக்கி நிதானமாக எழுந்து, மண்வெட்டியும் தூக்குவாளியுமாகக் கண்மாய்க்குப் போவாள். மதியம் உடைமர நிழலிலிருந்து அவள் கூட்டத்தின் சிரிப்புச் சத்தம் கேட்கும். அந்தக் கூலியை நம்பி, போன தை மாதத்தில் கண்ணாடி வைத்த பீரோ ஒன்றைத் தவணைக்கு எடுத்திருந்தாள். அவள் கதவு திறந்திருந்தால் பேச்சித்தாயின் வீடு அந்தக் கண்ணாடியில் தெரியும், துருப்பிடித்த கூரைத் தகரத்தோடு. அதைப் பார்த்த நாளிலிருந்து பேச்சித்தாய்க்கு வயிறு எரிந்தது.

வெள்ளிக்கிழமை கோமதியம்மன் சன்னதியில் நின்றாலும் அதே நினைப்புதான். "எனக்குக் குடுன்னு கேக்கலை தாயி. அவளுக்கு மட்டும் ஏன்?"

ஆட்டோ வந்தது. மூக்காண்டி இறங்கி, கொக்கியில் தொங்கிய கேனிலிருந்து டீ ஊற்றி நீட்டினான்.

"குடிங்கக்கா. கூட ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்களேன். கூலி கூடப் போட்டுத் தாரேன். பொம்பளையெல்லாம் கண்மாய்ல போயி நின்னா என் பூவை யாரு பறிக்கா?"

"அவளுக ராணிகள்லா. பூ பறிக்க வருவாளுகளா?" என்று பேச்சித்தாய் டீயை ஊதிக் குடித்தாள்.

பங்குனியில் அதிகாரிகள் வந்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கீழ்வரிசையை நகராட்சியில் சேர்க்கலாமா என்று கருத்துக் கேட்டார்கள். "எங்க வேலை போயிரும் சார்!" என்று கீழ்வரிசைப் பெண்கள் கத்தினார்கள். பேச்சித்தாய் எழுந்தாள்.

"சங்கரநாராயணசாமி ரெண்டு பேரா இருந்தும் ஒரே உடம்புல நிக்காரு. எங்க ஒத்தைத் தெரு மட்டும் என்னத்துக்கு ரெண்டா இருக்கணும்? எங்களுக்கு இல்லாதது அவளுகளுக்கு எதுக்கு? சேத்துருங்க சார்."

மேல்வரிசை கை தட்டியது. இசக்கி திரும்பிப் பார்த்தாள்.

"மைனி, அந்த வேலையை ஒங்களுக்கும் கேட்டிருக்கலாம்லா."

பேச்சித்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆடித்தபசுக்குக் கொடியேறுவதற்குள் இணைப்பு வந்துவிட்டது. கண்மாய் வேலை நின்றது. மறுவாரம் முக்கு கொள்ளாமல் பெண்கள் மடித்துணியோடு நின்றார்கள். மூக்காண்டி இறங்கவில்லை. ஹார்ன் மட்டும் அடித்தான். கிலோவுக்கான கூலியைக் குறைத்துச் சொன்னான்.

"ஏய்யா, போன வாரம் குடுத்ததுல்லா என் கூலி?"

"இஷ்டம்னா ஏறுக்கா. நீ வரலைன்னா ஒம் பின்னால நிக்கவ வாரா."

பின்னால் நின்றவள் இசக்கி. பேச்சித்தாய் ஏறினாள். பெண்கள் முட்டித் தள்ளி ஏறியதில் ஆட்டோ நிறைந்துவிட்டது. இசக்கி கீழேயே நின்றாள்.

"ஏட்டி, கையைக் குடு." பேச்சித்தாய் அவளை இழுத்து, ஒடுங்கி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். இசக்கியிடம் மடித்துணி இல்லை. பேச்சித்தாய் தன்னுடையதை அவிழ்த்து, பல்லால் கடித்து நெடுக்காகக் கிழித்துப் பாதியை நீட்டினாள்.

"இது எப்படிக் கட்டணும் மைனி?"

"திரும்பு, நான் கட்டுதேன்."

முடிச்சுப் போடும்போது, "பீரோ இருக்காட்டி?" என்று கேட்டாள்.

"கடைக்காரன் தூக்கிட்டுப் போயிட்டான் மைனி."

பேச்சித்தாய் முடிச்சை அவிழ்த்து மறுபடியும் போட்டாள்.

தோட்டத்தில் மூக்காண்டி ஒரு வரிசைக்கு இரண்டு பேராக இறக்கினான். அந்தப் பக்கம் இசக்கி, இந்தப் பக்கம் பேச்சித்தாய். ஒரே கிளைக்கு இரண்டு கை நீண்டன. கை பட்டபோதெல்லாம் யாராவது ஒருத்தி பின்வாங்கினாள். வெயில் ஏறியபோது இருவர் துணியும் பாதிகூட நிறையவில்லை.

எடை போட்டு முடிந்தது. பேச்சித்தாய்க்குத் தொண்டை வறண்டிருந்தது. பழக்கத்தில் ஆட்டோவின் கொக்கியைப் பார்த்தாள். டீக் கேன் இல்லை. மூக்காண்டியின் சட்டை அங்கே காய்ந்துகொண்டிருந்தது.