தொட்டாற்சுருங்கியின் கையெழுத்து

உயர் அழுத்த மின்கம்பிக்கு நேர் கீழே குடியிருப்பவர்களில் மனிதன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் செடிகள். நெருஞ்சிப் பூக்கள் சூரியனை விட்டுவிட்டுக் கம்பியைப் பார்க்கத் தொடங்கி நான்கு மாதமாகிறது. எருக்கு, கம்பத்தின் பக்கமாகச் சாய்ந்து ஒரே சுருதியில் முனகுகிறது. தும்பை பூப்பதை நிறுத்திவிட்டது. நான் யாரையும் குறை சொல்லவில்லை.

ஆவணியில் செடிகள் எல்லாவற்றுக்கும் வசிப்புச் சான்று கொடுத்துவிட்டார்கள். எனக்கு வரவில்லை. என் மனு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. சான்று இல்லாவிட்டால் வீடு காலி என்று எழுதிவிடுவார்கள். நேரில் போனேன். அலுவலக வராந்தா நடக்க நடக்க நீண்டது. மதியச் சாப்பாட்டை வழியிலேயே முடித்துக்கொண்டேன்.

எழுத்தர் ஜெபக்கனி நிமிர்ந்து பார்க்கவில்லை.

“பக்கத்து வீட்டுல யாரு இருக்காவ?”

“தொட்டாற்சுருங்கி.”

“அவுக கையெழுத்துப் போடணும்.”

“எப்படிப் போடும்?”

“நீங்க தொடணும். சுருங்கிட்டா கையெழுத்து.”

அதனோடு ஆறு வருடப் பழக்கம். தினமும் காலையில் தொடுவேன், சுருங்கும். அன்றைக்கு எனக்கு அது ஒன்றுதான் பேச்சுவார்த்தை. கம்பியில் மின்சாரம் கூட்டியதிலிருந்து அது சுருங்குவதில்லை. இதை ஜெபக்கனியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

மறுநாள் கையெழுத்தைப் பார்க்க அவரே வந்தார். கூடவே வயர்மேன் இசக்கிமுத்து. அவர் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். எருக்கில் வைத்தார், டெஸ்டரின் பல்பு எரிந்தது. நெருஞ்சியில் எரிந்தது. வேலியில் இருந்த ஓணானிலும் எரிந்தது. என் நெற்றியில் வைத்தார்.

“எரியலையே அண்ணாச்சி.”

“பல்பு போயிருக்கும்.”

ஜெபக்கனியின் கையில் வைத்தார். எரிந்தது.

“பல்பு நல்லாத்தான் இருக்கு.”

ஜெபக்கனி குனிந்து தொட்டாற்சுருங்கியைத் தொட்டார். சுருங்கியது. விரிந்ததும் இசக்கிமுத்து தொட்டார். சுருங்கியது. மறுபடி விரியும்வரை காத்திருந்து நான் தொட்டேன். விரிந்தபடியே இருந்தது. இலை இலையாகத் தொட்டேன். கூப்பிட்டும் பார்த்தேன். அழுகை வந்தது. அதிகாரிகள் முன்னால் அழுவது முறையல்ல என்று அடக்கிக்கொண்டேன்.

“கம்பியாலதான் மேடம். என் மேல கோபம் ஒண்ணும் இல்ல.”

“எங்களுக்குச் சுருங்குச்சே.”

நான் இன்னொரு முறை தொட்டுப் பார்த்தேன்.

ஜெபக்கனி படிவத்தில் ‘ஆள் இல்லை, வீடு காலி’ என்று எழுதினார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார்.

“இதுக்கு ஒரு சாட்சி வேணும். சுத்துவட்டாரத்துல வேற ஆளு கிடையாது. நீங்களே போட்டுருங்க.”

போட்டேன். அவர் படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நல்ல கையெழுத்து,” என்றார்.

என்னைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி எத்தனையோ வருடம் ஆகிறது. அவர்கள் ஜீப்பில் ஏறும்வரை சந்தோஷமாகவே இருந்தேன்.