கொக்கியில் தொங்க வேண்டிய சாவி

அன்றைக்குக் காலையிலிருந்தே என் முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மழை வருகிறதா என்று நான் வானத்தைப் பார்ப்பதே இல்லை, முழங்கால் முந்திக்கொண்டு சொல்லிவிடும். மேகம் கறுத்தால்தான் ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஜெனரேட்டர் நிற்பது ஞாபகத்துக்கு வரும். வருஷம் முழுக்க அதன்மேல் துணி காயப்போடுவார்கள், பூந்தொட்டி அடுக்குவார்கள். பிறகு திடீரென்று போன். "அண்ணே, கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போயிடுங்களேன்." கொஞ்சமாம், கொஞ்சம்! எண்ணெய் மாற்றி, பில்டர் மாற்றி, பிளக்கைக் கழற்றித் துடைத்து, கேஸ் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்து நிமிர்வதற்குள் இடுப்பு கழன்றுவிடும்.

நான் பார்ப்பது குழாய் கேஸில் ஓடும் ஜெனரேட்டர்கள். கரண்ட் போனால் ஆள் வேண்டாம், தானே கிளம்பும். கரண்ட் வந்தால் தானே நிற்கும். நல்ல பிள்ளை. ஆனால் அதன் பெட்டிக்குள் ஒரு சுவிட்ச் இருக்கிறது. 'ஆட்டோ'வில் இருந்தால்தான் அது நல்ல பிள்ளை. 'ஆஃப்'பில் இருந்தால் வீடே இருண்டு கிடந்தாலும் திரும்பிப் பார்க்காது. வேலை செய்யும்போது நாங்கள் ஆஃப்பில்தான் வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் கையை உள்ளே விட்டிருக்கும் நேரம் கரண்ட் போய், அது தானே கிளம்பி, விரலைக் கொண்டுபோய்விடும்.

ஆஃப்பில் வைத்த கை திரும்ப ஆட்டோவில் வைக்கவும் வேண்டுமே? அதற்குத்தான் என் வழக்கம். பெட்டிக்குள் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி இருக்கும். சுவிட்சை ஆஃப் செய்ததும் வேன் சாவியை அந்தக் கொக்கியில் மாட்டிவிடுவேன். சாவி இல்லாமல் வேன் நகராது. சாவி எடுக்க வந்தால் சுவிட்ச் கண்ணில் படும். ஆட்டோவுக்குத் திருப்பி, பச்சை விளக்கு எரிவதைப் பார்த்த பிறகுதான் சாவி சட்டைப் பைக்குப் போகும். எவ்வளவு அசந்துபோயிருந்தாலும் இந்த வழக்கம் என்னைக் கைவிட்டதில்லை.

என்னோடு வேலைக்கு வருவது என் மச்சான், வீட்டுக்காரியின் தம்பி. அவனுக்கும் நரை விழுந்துவிட்டது. கை சுத்தம், வேலை சுத்தம், வாய்தான் ஓயாது. "மாமா, நீ ஒரு கைத்தடி வாங்கு. நான் அதுல டெஸ்டர் பிட் பண்ணித் தர்றேன்" என்று அன்றைக்குக் காலையிலிருந்து என்னைச் சீண்டிக்கொண்டே வந்தான். எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

கடைசி வீடு அந்த அக்காவுடையது. அவர்கள் எனக்கு உறவில்லை, பல வருஷப் பழக்கத்தில் வந்த அக்கா. அவர்கள் வீட்டுக்காரருக்கு நுரையீரல் போய்விட்டது. ராத்திரி பகலாக மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் காற்றிலிருந்து ஆக்ஸிஜன் பிரித்துக் கொடுக்கும் மெஷின். அது கரண்டில் ஓடுவது. கரண்ட் போனால் ஜெனரேட்டர். அதுவும் போனால் மூலையில் ஒரு சிறிய சிலிண்டர். ஸ்பானர் போட்டுத் திறக்க வேண்டும். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவது. அவரால் எழுந்து அதுவரைகூடப் போக முடியாது.

போன தடவை கரண்ட் போனபோது ஜெனரேட்டர் கிளம்பவில்லை. பேட்டரி செத்துவிட்டது. இருட்டில் சிலிண்டரைத் திறக்க முடியாமல் அக்கா பட்ட பாடு! அவர்கள் அதைச் சொன்னபோது என்னாலேயே கேட்க முடியவில்லை. புது பேட்டரி வருவதற்கு நாளாகிவிட்டது. அதுவரை அவர்கள் படுக்கவே இல்லை. மடியில் ஸ்பானரோடு நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், கரண்ட் எப்போது போகுமோ என்று. கதவைத் திறந்த முகத்தைப் பார்த்ததும் என் முழங்கால் வலியைச் சொல்லிக்கொள்ள எனக்கே வெட்கமாக இருந்தது.

"வாங்க தம்பி. இன்னிக்காவது ஓட வெச்சிருங்க. இதுக்கு மேல என்னால முடியல."

"இன்னிக்கு முடிச்சுட்டுத்தான் போவேன்கா. நீங்க கவலைப்படாதீங்க."

பின்பக்கம் சுவர் ஓரமாக ஜெனரேட்டர். சுவிட்சை ஆஃப் செய்து கொக்கியில் சாவியை மாட்டினேன். புது பேட்டரி போட்டேன். பழைய எண்ணெய் கருந்தாராக வடிந்தது. புது எண்ணெய் பாதி ஊற்றியபோது டப்பா காலி.

"மச்சான், வேன்ல இன்னொரு டப்பா கெடக்கும், எடுத்துட்டு வா."

போனான், வந்தான். மிச்சத்தை ஊற்றினேன். குழாய் இணைப்பில் குமிழி இல்லை. கையால் இயக்கிப் பார்த்தபோது ஒரே தட்டில் பற்றிக்கொண்டு ஓடியது. பின்பக்க ஜன்னல் திறந்திருந்தது. "அக்கா, இது ஓடும்போது இந்த ஜன்னல் மூடியே இருக்கணும். இதோட புகைக்கு நிறமும் கெடையாது, வாசனையும் கெடையாது. ஆளைத் தூங்க வெச்சே கொன்னுடும்" என்றேன். உடனே வந்து சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள். பிறகு எண்ணெய் மட்டம் பார்ப்பதற்காக மறுபடி ஆஃப் செய்தேன். எண்ணெய் கீழே இறங்கக் கொஞ்ச நேரம் விட வேண்டும்.

அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் போன் அடித்தது. ஒரு பேக்கரிக்காரர். அவர் பெயரை நான் போனில் 'அவசரம்' என்றுதான் பதிந்து வைத்திருக்கிறேன். எடுத்தவுடன் அந்த வார்த்தையைத்தான் சொல்வார். "அவசரம்ங்க! மழ வர்றதுக்குள்ள வந்துடுங்க! ப்ரீசர் பூரா சரக்கு!" அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே அக்கா டீ கொண்டுவந்தார்கள். ஒரு காதில் அவசரம், ஒரு கையில் டீ, மறு கையில் எண்ணெய்க் குச்சி. மட்டம் சரியாக இருந்தது. மச்சான் பெட்டி மூடியைச் சாத்தினான்.

"முடிஞ்சுதுக்கா. இனி கரண்ட் போனா அது பாத்துக்கும். நீங்க ஸ்பானர தூக்கிப் போட்டுட்டு நல்லா தூங்குங்க."

"நெஜமாவா தம்பி?"

"நான் சொல்றேன்ல? தூங்குங்க."

அவர்கள் கண் கலங்கிவிட்டது. "கதவ சும்மா சாத்திட்டுப் போங்க தம்பி, தாழ்ப்பாள் வேணாம். நான் அப்படியே சாயறேன்" என்று உள்ளே போனார்கள்.

வேனை மச்சான் ஓட்டினான். பெரிய சாலைக்கு வந்தபோது தூறல் போட்டது. சிக்னலில் நின்றுகொண்டிருந்தோம். சிவப்பு விளக்கு பச்சையாகாமலேயே அணைந்தது. எதிரே இருந்த கடைகளும் ஒன்றாக இருண்டன. எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தது.

"பாத்தியா மாமா, கரெக்டான நேரத்துல முடிச்சோம்" என்றான் மச்சான். எனக்கும் ஒரு பெருமை வந்தது. அக்கா வீட்டில் இப்போது தானாக ஓடத் தொடங்கியிருக்கும் என்று நினைத்தபடி கால் நீட்டிச் சாய்ந்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே சாவிக் கொத்து ஆடிக்கொண்டிருந்தது.

அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொக்கியிலிருந்து அதை எடுத்த ஞாபகம் என் விரல்களுக்கு இல்லை.

"மச்சான், சாவிய நீ எப்ப எடுத்த?"

"எண்ணெ டப்பா எடுக்கப் போனேன்ல, அப்பதான். வேன் பூட்டியிருந்துச்சே."

"திரும்ப மாட்டுனியா?"

"எங்க மாட்டுனேன், பாக்கெட்லயே..." சொல்லிக்கொண்டிருந்தவன் வாய் அப்படியே நின்றது. "மாமா, நீ ஆட்டோல போடலியா?"

"திருப்புடா வண்டிய!"

அக்காவுக்குப் போன் போட்டேன். அடித்தது, அடித்தது, எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்கள்? தூங்குங்க, தூங்குங்க என்று படித்துப் படித்துச் சொன்னவனே நான்தானே! மச்சான் வண்டியை எதிர்ப்பக்கமாகவே விட்டான், யாரோ கண்டபடி திட்டினார்கள், அவன் திட்டாமல் கை கூப்பினான். "சீக்கிரம் போடா, பாவி" என்று அவனையும் என்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே போனேன். வழியெல்லாம் எனக்கு அந்த மூக்குக் குழாய்தான் கண்முன் நின்றது.

அவர்கள் தெருவில் அடுத்த வீடு, எதிர் வீடு எல்லாவற்றின் பின்னாலும் ஜெனரேட்டர்கள் உறுமிக்கொண்டிருந்தன. அக்கா வீடு மட்டும் கப்சிப்பென்று கிடந்தது. முழங்கால் இருக்கிறதா என்றே தெரியாமல் பின்பக்கம் ஓடினேன். மூடியைத் திறந்தால் சுவிட்ச் ஆஃப். காலிக் கொக்கி என்னைப் பார்த்தது. ஆட்டோவுக்குத் திருப்பினேன். பச்சை விளக்கு எரிந்தது. ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றும் நடக்கவில்லை, பிறகு இழுத்து, இருமி, பற்றிக்கொண்டது.

நான் சாத்திய கதவைத் தள்ளிக்கொண்டு நானே உள்ளே ஓடினேன்.

அறைக்குள் புழுக்கம் தாங்கவில்லை. பின்பக்க ஜன்னல் சாத்தித் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. நான் சொன்னதை ஒன்று விடாமல் செய்திருந்தார்கள் அக்கா. சொன்னவன்தான் செய்யவில்லை. மின்விசிறி அப்போதுதான் சுழலத் தொடங்கியது. அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபடியே சாய்ந்து, வாய் திறந்து, குறட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தலையணைகளில் சாய்ந்து வாயால் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். உதடு நிறம் மாறியிருந்தது. முகமெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்ததும் நடுங்கும் விரலைத் தூக்கி உதட்டில் வைத்தார். சத்தம் போடாதே என்று.

விசிறி ஓடுகிறது, ஆக்ஸிஜன் மெஷின் ஓடவில்லை. அதன் சுவிட்ச் அணைந்து கிடந்தது. எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகுதான் புரிந்தது. கரண்ட் போனால் அந்த மெஷின் வீல் வீலென்று கத்தும். கட்டிலிலிருந்து கை எட்டும் தூரத்தில் இருந்தது சுவிட்ச். அது கத்தாமல் இருக்க அவரே அணைத்திருக்கிறார். எழுப்ப வேண்டிய ஆள் பக்கத்திலேயே இருக்க, எழுப்பாமல் இருந்திருக்கிறார்.

பாய்ந்துபோய்ச் சுவிட்சைப் போட்டேன். மெஷின் கீச்சென்று கத்திவிட்டு ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்துக்கு அக்கா துள்ளி எழுந்தார்கள். முதலில் என்னைப் பார்க்கவில்லை. அண்ணனின் மூக்குக் குழாயைச் சரிசெய்தார்கள், நகத்தைப் பிடித்துப் பார்த்தார்கள், நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தார்கள். மெல்ல மெல்ல அவர் உதட்டுக்கு நிறம் திரும்பியது. அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்கள்.

"கரண்ட் போச்சா?"

"போச்சுக்கா."

"ஜெனரேட்டர்தான் ஓடுதே?"

அண்ணன் எனக்குத் தலையை ஆட்டினார். சொல்லாதே என்று கெஞ்சும் கண். சொன்னால் இவள் இனி எந்த நாளும் கண்ணை மூட மாட்டாள் என்று அவர் நினைத்தது எனக்குப் புரிந்தது. ஆனால் மறைத்துவிட்டுப் போனால் அடுத்த தடவை யார் பார்ப்பது?

"இப்பதான் ஓடுதுக்கா. நான் சுவிட்ச ஆட்டோல போடாம போயிட்டேன். வழியில ஞாபகம் வந்து ஓடி வந்தோம். தப்பு என்னோடதுக்கா."

என்னைக் கிழிகிழியென்று கிழிப்பார்கள் என்று நின்றேன். கிழித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர்கள் கட்டில் பக்கம் திரும்பினார்கள்.

"நீங்க எதுக்கு என்ன எழுப்பல? கையால ஒரு தட்டு தட்ட முடியாதா? மெஷின வேற அணைச்சிருக்கீங்க! என்ன நெனச்சுட்டு இருந்தீங்க?"

அவர் மூச்சு வாங்கி வாங்கித்தான் பேசினார். "கரண்ட்... வந்துடும்னு பாத்தேன். நீ தூங்கி எத்தன நாளாச்சு. இன்னும் கொஞ்ச நேரம்... விடலாம்னு."

"உங்க தலையில இடி விழ" என்று சொல்லிவிட்டு அக்கா அவர் தோளில் முகத்தை வைத்து அழுதார்கள். அழுகையா கோபமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மச்சான் வாசலில் நின்றபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார்கள். "அந்த சுவிட்ச எனக்குக் காட்டுங்க."

பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினேன். ஆட்டோ எது, ஆஃப் எது, பச்சை விளக்கு எங்கே எரியும் என்று சொன்னேன். கொக்கியையும், அதில் நான் சாவி மாட்டுகிற வழக்கத்தையும், இன்றைக்கு அது எப்படித் தவறியது என்பதையும் சொன்னேன். பிறகு மச்சானிடம் கையை நீட்டினார்கள்.

"சாவிய குடுங்க."

கொடுத்தான்.

"இனிமே இங்க வேலைக்கு வந்தா சாவி என் கையில. கொக்கியெல்லாம் வேணாம். நான் வந்து வெளக்கப் பாத்துட்டுத்தான் குடுப்பேன்."

"சரிங்கக்கா" என்று இருவரும் ஒன்றாகச் சொன்னோம்.

விளக்கை ஒரு முறை பார்த்தார்கள். எங்களை நம்பாமல் மறுபடியும் ஒரு முறை பார்த்தார்கள். பிறகு உள்ளே போய், அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சாவி மறு கையிலேயே இருந்தது. கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. வாசலில் நின்று, அவர்களாகக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தேன். சாவிக் கொத்தை இறுக்கி மூடிய கை நெஞ்சின்மேல் கிடந்தது. அண்ணன் விழித்துக்கொண்டுதான் இருந்தார். என்னைப் பார்த்து மறுபடியும் விரலை உதட்டில் வைத்தார். இந்தத் தடவை அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். மழை வலுத்துவிட்டது. முழங்காலுக்கு அப்போதுதான் வலி ஞாபகம் வந்து, வட்டியும் முதலுமாக வலித்தது. மச்சான் தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சுக்க மாமா" என்றான். "மூடுனது நீ, பாக்காதது நான். சும்மா இரு" என்றேன்.

போன் அடித்தது. அவசரம்.

"எங்கங்க இருக்கீங்க? அவசரம்னு சொன்னேனே! எப்ப கெளம்புறீங்க?"

நான் கதவைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"தெரியலங்க. சாவி கைல இல்ல" என்றேன்.