பெயர் வாசிக்காத அர்ச்சனை

செஜாரா, அதாவது வரலாற்றுப் பாட டிரையல் சோதனையில் சீதாலெட்சுமிக்கு முப்பத்துநான்கு மார்க்கு. பாஸ் ஆக நாற்பது வேண்டும். இடையிலிருந்த அந்த ஆறு மார்க்கு, நாற்பத்தொரு வயதுப் பெண்ணின் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுகொண்டு விழுங்கவும் விடவில்லை, துப்பவும் விடவில்லை.

படிவம் மூன்றோடு பள்ளியை விட்டுவிட்டு மேரு பக்கம் கையுறை ஃபேக்டரிக்குப் போனவள் அவள். இப்போது கிள்ளானில் ஒரு பாலர் பள்ளியில் உதவியாள். பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடுவது, சோறு ஊட்டுவது, அழுகிறதைத் தூக்கிக்கொண்டு நடப்பது, எல்லாம் அவள்தான். பாடமும் பாதி நாள் அவள்தான் நடத்துகிறாள். ஆனால் டீச்சர் என்று போர்டில் பெயர் போட டிப்ளோமா வேண்டுமாம். டிப்ளோமாவுக்கு, பள்ளி முடிக்கிற அரசாங்கச் சோதனையான எஸ்.பி.எம். வேண்டும். அதில் செஜாரா பாஸ் ஆகாவிட்டால் சர்டிபிகேட்டே கிடையாது. சரி, எழுதித் தொலைப்போம் என்று தனியாகப் பதிந்துகொண்டு, கமலநாதன் மாஸ்டரின் டியூஷன் சென்டரில் சேர்ந்தாள். வகுப்பில் எல்லாம் பதினேழு வயதுப் பிள்ளைகள். அவளை ஆன்டி என்று கூப்பிட்டுக்கொண்டே அவளிடம் அழிப்பான் கடன் வாங்கின.

டிரையல் பேப்பர் வந்த அன்று அதை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தெரிந்த கேள்விகள்தான். மனசுக்குள் தமிழில் பதில் ஓடுகிறது, அதை மலாயில் இறக்கி வைப்பதற்குள் மணி அடித்துவிட்டது. மண்டை மழுங்கிப்போச்சு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். உனக்கெல்லாம் எதுக்குடி படிப்பு என்று கேட்டுக்கொண்டாள்.

"டிரையல்தானே லா, விடு" என்றார் லோரி ஓட்டும் அவள் வீட்டுக்காரர் சபாபதி.

அதற்கும் அவளுக்குக் கோபம்தான் வந்தது. விடுகிறதா? இவருக்கென்ன, இவரா உட்கார்ந்து எழுதினார்?

எஸ்.பி.எம். தொடங்குவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை கமலநாதன் தன் மாணவர்களை முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போவார். வருஷா வருஷம் நடப்பது. பிள்ளைகள் சோதனைக்கு எழுதப்போகும் பேனாக்களையெல்லாம் ஒரு பெரிய தட்டில் வைத்துச் சந்நிதியில் கொடுப்பார்கள். மாஸ்டர் ஒவ்வொருவர் பெயரையும் நட்சத்திரத்தையும் போனைப் பார்த்துச் சொல்ல, குருக்கள் அதைச் சொல்லி அர்ச்சனை செய்வார். அப்பா அம்மாக்கள் பின்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். சீதாலெட்சுமி அன்று பாதி நாள் லீவு எடுத்து, தலைக்குக் குளித்து, பச்சைப் புடவை கட்டிக்கொண்டு போனாள். தன் இரண்டு பேனாக்களையும் தட்டில் வைத்தாள். மார்க்கு கைவிட்டாலும் முருகன் கைவிட மாட்டான் என்று ஒரு நப்பாசை அவளுக்கு.

மாஸ்டர் வாசித்தார். குகன், ரோகிணி. கிஷன், அஸ்தம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பிள்ளை முன்னால் போய்த் திருநீறும் தன் பேனாவும் வாங்கிக்கொண்டு வந்தது. சீதாலெட்சுமி தன் பெயர் வரும், தன் பெயர் வரும் என்று புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டே நின்றாள். மாஸ்டர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"அவ்ளோதான் சாமி, தீபாராதனை காட்டிடலாம்."

தட்டில் இன்னும் பேனாக்கள் கிடந்தன.

"சார், என் பேரு விட்டுப்போச்சு" என்றாள் பக்கத்தில் போய்.

கமலநாதன் அவளைத் தூண் ஓரமாக ஒதுக்கினார். குரலைத் தேன் மாதிரி ஆக்கிக்கொண்டார். "விட்டுப்போகலக்கா. யோசிச்சேன். முப்பத்துநாலு எடுத்திருக்கீங்க. இந்த வருஷம் ரிஸ்க் வேணாம். அடுத்த வருஷம் நல்லா பிரிப்பேர் பண்ணி எழுதுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ஒரு நிமிஷம் அவளுக்கும் அது சரியென்றே பட்டது. அதுதான் கொடுமை. அவர் சொன்னது அவளே தனக்குச் சொல்லிக்கொண்டதுதானே. தலையாட்டிவிட்டு வெளியே போய்ச் செருப்பைத் தேடியிருப்பாள். ஆனால் தூணுக்கு அந்தப் பக்கம் பள்ளிச் சீருடையோடு தாமரை நின்றிருந்தாள். வகுப்பில் சீதாலெட்சுமிக்குப் பக்கத்து நாற்காலி அவளுடையது. அழுது முகம் வீங்கிக் கிடந்தது. டிரையலில் ஃபெயிலான அவள் பெயரும் வாசிக்கப்படவில்லை.

"இவளுக்கும் அடுத்த வருஷமா சார்? ஸ்கூல்ல படிக்கிற பிள்ள எப்படி எழுதாம இருப்பா?"

மாஸ்டர் சுற்றும் முற்றும் பார்த்தார். "அவ எழுதட்டும்க்கா. நம்ம சென்டர் கணக்குல வேணாம், அவ்ளோதான். இங்க வாசிச்ச பேரைத்தான் பேரண்ட்ஸ் எல்லாம் ஞாபகம் வச்சிருப்பாங்க. ரிசல்ட் வந்தா நூறு விழுக்காடு பாஸ்னு பேனர் போடணும்ல."

அடப் பாவி! கோயில் சந்நிதியில் நின்றுகொண்டு, சாமியிடம் சொல்கிற பெயரில்கூட ஆள் பொறுக்குகிறான். மாசா மாசம் பீஸ் வாங்கும்போது எந்தப் பெயரும் விட்டுப்போகவில்லை. இவன் பேனர் அழகாகத் தொங்க, அவள் தன் மண்டையைத் திட்டிக்கொண்டு மூலையில் கிடக்க வேண்டுமா? இத்தனை நாள் கோபத்தையெல்லாம் தன் மேலேயே காட்டியிருந்தாள் சீதாலெட்சுமி. ஆள் தெரியாமல் காட்டிவிட்டாள்.

"சார், அந்த முப்பத்துநாலு எனக்கு மட்டும் வந்த மார்க்கா? ஏழு மாசம் நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? அப்போ உங்களுக்கும் அதான் மார்க்கு."

"அக்கா, மெதுவா பேசுங்க. கோயில்."

"கோயில்ன்னு இப்பத்தான் தெரியுதா?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். அவள் தாமரையின் கையைப் பிடித்தாள். பின்னால் நின்ற தாமரையின் அம்மா வெட்கப்பட்டு, "வேணாம் அக்கா, போயிடறோம்" என்று முணுமுணுத்தாள். சீதாலெட்சுமி காதில் வாங்கவில்லை. கற்பூரத் தட்டை எடுத்த குருக்கள் முன்னால் போய் நின்றாள்.

"சாமி, ரெண்டு பேரு பாக்கி. சொல்லுங்க."

"பிள்ளை பேரு?"

"இவ தாமரை. உன் நட்சத்திரம் என்னம்மா?"

"பூரம்" என்றது பிள்ளை, காற்று மாதிரி.

"இன்னொரு பிள்ளை எங்கம்மா?" என்றார் குருக்கள்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். சீதாலெட்சுமியின் காது மடல் கொதித்தது.

"பிள்ளை இல்ல சாமி. நான்தான் எழுதப்போறேன். சீதாலெட்சுமி, விசாகம்."

குருக்கள் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடி இரண்டு பெயர்களையும் சொன்னார். மணி அடித்தது. திருநீற்றை வாங்கிப் பூசிக்கொண்டு, தட்டிலிருந்து தன் இரண்டு பேனாக்களையும் எடுத்துக்கொண்டாள். செஜாரா அப்படியேதான் இருக்கிறது. மலாய் வாக்கியம் அப்படியேதான் சண்டி பண்ணும். நாற்பது வருமா என்று அவளுக்கு இப்போதும் தெரியாது.

கமலநாதன் வாசலில் பெற்றோர்களிடம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் அவரைத் தாண்டித் தாமரையோடு படியிறங்கினாள்.

"ஆன்டி" என்றாள் தாமரை, ரோட்டுக்கு வந்ததும். "நெஜமாவே ஃபெயிலாயிட்டா?"

"ஆனா ஆவோம் லா" என்றாள் சீதாலெட்சுமி. கோபம் இன்னும் அடங்கவில்லை. "எழுதிட்டு ஆவோம்."