பிஸ்கட் டப்பா வைத்தியம்

சுப்பையாவின் குடல்வால் வெடித்தபோது சத்தம் டெல்லி கரோல் பாக் மெட்ரோ வரை கேட்டதாம். அவரே சொன்னார். ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து, கழுவி, தைத்தார்கள். நான்கு நாள் நன்றாக இருந்தார். ஐந்தாம் நாள் காய்ச்சல். நெற்றியில் போட்ட ஈரத்துணி இஸ்திரி போட்டதுபோல் மொடமொடவென்று காய்ந்து வந்தது.

டாக்டர் ப்ரீதா சரோஜினி நகரில் வளர்ந்த தமிழ்ப்பெண். வயிற்றுக்குள் மறுபடியும் சீழ் கட்டியிருப்பதை ஸ்கேனில் பார்த்து, குழாய் விட்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

"ஐயா, இது ஆஸ்பத்திரியில ஒட்டிக்கிட்ட கிருமி. எந்த மருந்துக்கு அடங்கும்னு ரிப்போர்ட் வர ரெண்டு நாள் ஆகும். அதுவரை காத்திருக்க முடியாது. இப்பவே ஒண்ணு போடணும். தப்பான மருந்தாப் போச்சுன்னா உயிருக்கே ஆபத்து. அச்சா, இந்த மூணு மாசத்துல ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"நானா? ஒருதடவ டைபாய்டு வந்துச்சும்மா. மொறச்சுப் பார்த்தேன். போயிருச்சு."

பக்கத்தில் மனைவி வீராயி துண்டை மடித்துக்கொண்டே இருந்தாள்.

விஷயம் இதுதான். அவர்கள் குடிசை வரிசையில் யார் வீட்டில் மாத்திரை மிஞ்சினாலும் சுப்பையாவின் பிஸ்கட் டப்பாவுக்கு வந்துவிடும். காய்ச்சலுக்குச் சிவப்பு, வயிற்றுக்கு நீலம். இரண்டு நாளில் தேறினால் மிச்சம் திரும்ப டப்பாவுக்குள். பன்னிரண்டு வருஷமாக அவருக்கு அங்கே 'டாக்டர் சாப்' என்று பேர். அசல் டாக்டர் முன்னால் அதை எந்த வாயால் சொல்வது?

"அப்ப வழக்கமான மருந்தே போடறேன்" என்று ப்ரீதா பேனாவை எடுத்தார்.

வீராயி கட்டிலுக்கடியில் கையை விட்டு டப்பாவை எடுத்து, கணவன் நெஞ்சின் மேல் வைத்தாள். ஆஸ்பத்திரி மருந்து பத்தாவிட்டால் உதவும் என்று அவர்தான் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

"நீங்களாச் சொல்றீகளா, நான் சொல்லவா?"

அவள் டப்பாவைத் தட்டினாள். டப்பா கடகடத்தது. சுப்பையா மூடியைத் திறந்தார்.

"இது... இது... அந்த நீலமும். ரெண்டு மாசமா, வயிறு வலிக்கிறப்பல்லாம்."

ப்ரீதா அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் படித்தார். திட்டவில்லை.

"நல்லவேளை. நான் எழுத இருந்தது இதுக்குப் பங்காளி. உங்க கிருமிக்கு இதெல்லாம் பழகிப்போயிருக்கும்." பேனா வேறு மருந்தை எழுதியது.

மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. பழைய மருந்தைப் போட்டிருந்தால் கிருமி அசைந்திருக்காது. புதியதற்கு அடங்கும் என்று இருந்தது. காய்ச்சல் அதற்குள் இறங்கிவிட்டது.

பார்க்க வந்த பக்கத்துக் குடிசை அய்யாசாமி குனிந்து காதருகே கேட்டான். "அண்ணே, லேசாக் காய்ச்சல். ஒரு செவப்பு குடுங்க."

சுப்பையா டப்பாவை நீட்டினார். உள்ளே ரஸ்க் இருந்தது.

"தின்னுட்டு, கீழ ஓ.பி. சீட்டு வாங்கி டாக்டரைப் பாரு."

"மாத்திரையெல்லாம் எங்கண்ணே?"

"என் வயித்துக் கிருமி மொத்தத்தையும் தின்னுருச்சுடா. தின்னுட்டு, தொட்டுக்க ஊறுகா கேட்டுச்சு."

வீராயி முதல்முறையாகச் சிரித்தாள்.